விழாவுக்குத் திரளும் தெரு, கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி (குடியிருப்போர் சங்கச் செயலாளர்)

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கிறேன். ஆண்டு விழா, பிள்ளைகளுக்கான விளையாட்டுப் போட்டி, மரக்கன்று நடுதல், தூய்மைப் பணி என்று ஏதேனும் ஒரு நிகழ்ச்சி நடந்துகொண்டே இருக்கிறது; நாற்காலி போதாமல் பலர் நின்றபடியே பார்க்கும் அளவுக்குக் கூட்டமும் சேர்கிறது. ஆனால், முதன்மைச் சாலையின் நெரிசலுக்குத் தப்பி வரும் வாகனங்கள் எங்கள் தெருவைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டதையும், பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகள் சாலையைக் கடக்க முடியாமல் தவிப்பதையும் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டம் கூட்டினால், நிர்வாகக் குழுவினரும் வழக்கமாக வரும் சில பெரியவர்களும் மட்டுமே வந்து அமர்கிறார்கள். அவர்களும் பேசிய புகார்களையே மறுபடியும் பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள்.

எனக்கு முன்பிருந்த நிர்வாகத்தினர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். பெறப்பட்டதற்கான முத்திரையுடன் அதன் நகல் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு மேல் அது நகர்ந்ததாகத் தெரியவில்லை. இப்போது குழுவுக்குள் இரண்டு கருத்துகள் இருக்கின்றன. விழாக்களுக்குச் செலவாகும் உழைப்பையும் பணத்தையும் குறைத்துக்கொண்டு இந்தப் பிரச்சினையில் முழுமூச்சாக இறங்கலாம் என்கிறார்கள் சிலர். பிரச்சினைகளைக் கையில் எடுத்தால் அரசியல் உள்ளே வந்துவிடும், இருக்கிற ஒற்றுமையும் போய்விடும், ஆகவே விழாவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்கிறார்கள் மற்றவர்கள். விழாவுக்கு வருகிறவர்களைத் தெருவின் பொதுக் காரியத்துக்கும் கொண்டுவர வழி உண்டா? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (குடியிருப்புப் பகுதிகளில் மக்களைத் திரட்டும் பணியில் இருப்பவர்)

விழாவுக்கு வந்தவர்களிடம் நீங்கள் கேட்டது வந்து மகிழ வேண்டும் என்பது மட்டுமே. அதை அவர்கள் குறைவில்லாமல் செய்தார்கள். கூட்டத்துக்கு அவர்களை உண்மையில் யார் அழைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளும், கைப்பேசிக் குழுவில் போட்ட ஒரு செய்தியும் "அனைவரும் வருக" என்று சொல்லியிருக்கும். அனைவரையும் அழைக்கும் அழைப்பைத் தனக்கான அழைப்பாக எடுத்துக்கொள்கிறவர் மிகக் குறைவு. ஒருவர் வீட்டுக்குப் போய், பெயர் சொல்லி அழைத்து, எதற்காகக் குறிப்பாக அவர் வர வேண்டும் என்பதைச் சொன்னால்தான் அவர் வருவதா வேண்டாமா என்று யோசிக்கவே தொடங்குவார்.

இதில் பழைய, நன்றாகப் பரிசோதிக்கப்பட்ட முறை ஒன்று உண்டு. 1947 முதல் கலிபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி மக்களிடையே சமூக சேவை அமைப்பு என்ற இயக்கத்தைக் கட்டிய ஃப்ரெட் ராஸ், பெரிய கூட்டங்களை நம்பாமல் வீட்டுக் கூட்டங்களை நம்பினார். ஒரு குடும்பத்தார் தங்களுக்குத் தெரிந்த சிலரை வீட்டுக்கு அழைப்பார்கள். ராஸ் அங்கே போய் அவர்கள் சொல்வதைக் கேட்பார். கலையும்போது வந்தவர்களில் யார் தம் வீட்டில் அடுத்த கூட்டத்தை நடத்துவார் என்று கேட்பார். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு என்று இது பரவிய பிறகுதான் பொதுக்கூட்டம். அந்த இயக்கம் வாக்காளர்களைப் பதிவு செய்த வேகத்தின் பலனாக 1949-இல் அதே சமூகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ராய்பல் லாஸ் ஏஞ்சலஸ் நகர்மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1952-இல் சான் ஹோசே நகரில் ராஸ் தேடிச் சென்று சந்தித்த இளைஞர்களில் ஒருவர்தான் பின்னாளில் பண்ணைத் தொழிலாளர் தலைவராக உலகறிந்த செசார் சாவேஸ். பேசத் தெரிந்தவர்களுக்கு மேடை போட்டுக் கொடுப்பதைவிட, பேசாதவர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்பது அதிகம் தரும் என்பதே என் கருத்தும். போகும்போது மனுவை எடுத்துச் செல்லாதீர்கள். இந்தத் தெருவில் உங்களுக்கு எது தொல்லையாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருங்கள். வாகனங்களைப் பற்றி அவர் சொல்லாமல் வேறொன்றைச் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் குழு கவலைப்படுவதைப் பற்றியே தெருவும் கவலைப்படுகிறது என்பது இன்னும் உறுதியாகாத ஓர் ஊகம்தான்.

விழாக்களை நிறுத்த வேண்டாம். அடுத்த விளையாட்டுப் போட்டியின்போது நுழைவாயிலுக்கு அருகே ஒரு மேசை போட்டு, உங்கள் தெருவின் வரைபடத்தைப் பெரிய தாளில் கையால் வரைந்து விரித்து வையுங்கள். ஒவ்வொரு வீடும், வளைவும், பள்ளி வாசலும் அதில் தெரிய வேண்டும். வாகனம் உரசிப் போன இடத்தில், அல்லது பிள்ளையின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்த இடத்தில், ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லுங்கள். முதலில் பிள்ளைகள்தான் வருவார்கள். அவர்கள் ஒட்டும் இடத்தைப் பார்த்துப் பெற்றோர் திடுக்கிட்டு, அங்கே எப்போது, என்ன நடந்தது என்று விசாரிப்பார்கள். மேசைக்குப் பின்னால் குறிப்பேட்டோடு நிற்பவர் பேச வேண்டிய நேரம் அதுதான். என்ன நடந்தது என்பதை எழுதிக்கொண்டு, "பள்ளி விடும் நேரத்தில் அரை மணி நேரம் நின்று வாகனங்களை எண்ண உங்களால் வர முடியுமா?" என்று கேட்க வேண்டும். வேலை சிறியதாக, முடியும் நேரம் தெரிந்ததாக இருக்க வேண்டும். "சங்கத்தில் சேர்ந்து பணியாற்றுங்கள்" என்றால் யாருக்கும் ஒப்புக்கொள்ளத் துணிவு வராது.

பெயர் கொடுத்தவர்களை அதே வாரத்தில் போய்ப் பார்த்துவிடுங்கள். நாள் தள்ளிப்போனால் அவர்களுக்கே மறந்துவிடும்; நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டு அலமாரியில் தூங்கும் பெயர்ப் பட்டியல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி (ஓய்வுபெற்ற போக்குவரத்துப் பொறியாளர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கோப்பில் தூங்கும் அந்த மனுவைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் பார்க்காமலே ஓரளவு ஊகிக்க முடியும்: வாகனங்கள் அதிவேகமாகச் செல்கின்றன, பெரும் ஆபத்து நிலவுகிறது, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். அலுவலகத்தில் இருந்த காலத்தில் இத்தகைய மனுக்களை ஏராளமாகப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், "தக்க நடவடிக்கை" கேட்கும் மனுவுக்கு "ஆவன செய்யப்படும்" என்ற பதிலைத் தவிர வேறெதையும் எழுத இயலாது. எதைச் செய்ய வேண்டும், எந்த இடத்தில், யாருடைய அதிகாரத்துக்குள் அது வருகிறது என்று மனுவே சொல்லியிருந்தால், "முடியாது" என்று எழுதுவதற்குக்கூட அதிகாரி காரணம் தேட வேண்டியிருக்கும். ஆகவே முதலில் அந்தச் சாலை உள்ளாட்சியின் பொறுப்பா, நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பா என்பதை உறுதி செய்யுங்கள். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் எந்த மாதத்தில் தயாராகிறது என்பதையும் கேட்டு வையுங்கள். அது முடிந்த பிறகு போய் நிற்கும் நியாயமான கோரிக்கைகூட ஓராண்டு காத்திருக்க நேரும்.

வேகத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சாலையோரத்தில் அளவுநாடாவால் 50 மீட்டர் அளந்து, இரு முனைகளிலும் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுங்கள். முதல் கோட்டை வாகனத்தின் முன்சக்கரம் தொடும்போது ஒருவர் கையை இறக்க, மற்றவர் கைப்பேசியின் நேரமானியை ஓடவிட்டு, இரண்டாம் கோட்டில் நிறுத்த வேண்டும். 6 விநாடி என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர். 4 விநாடி என்றால் 45. 3 விநாடி என்றால் 60. கைக்கணக்கில் சிறு பிழை இருக்கவே செய்யும், ஆனாலும் நூறு வாகனங்களின் அளவை வரிசையாக எழுதி, நாள், நேரம், அளந்தவர் பெயர் ஆகியவற்றோடு கொடுத்தால் அதை யாரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. முழு நாளையும் அளக்க வேண்டியதில்லை. பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் போதும்.

30 என்ற எண்ணை நான் சும்மா சொல்லவில்லை. வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். 30-இல் பிள்ளைக்கு முன்னால் நின்றுவிடும் வாகனம் 60-இல் வந்தால் நிற்க வழியே இல்லை. 2020-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் அறிக்கை, பாதசாரிகளும் வாகனங்களும் அடிக்கடி கலக்கும் இடங்களில் உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டராக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அதே ஆண்டில் ஐ.நா. பொதுச்சபை அந்த அறிக்கையை வரவேற்று ஏற்றது. உங்கள் மனுவில் இந்த இரண்டு வரியும் இடம்பெறட்டும்.

இன்னொன்று. நிரந்தரமான எதையும் முதலில் கேட்காதீர்கள். சோதனை முயற்சியாகக் கேளுங்கள். நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் நடுவே பெருஞ்சாலை அமைக்க, அந்நகரின் கட்டுமானத் திட்டங்களில் பெரும் அதிகாரம் பெற்றிருந்த அதிகாரி ராபர்ட் மோசஸ் முனைந்தபோது, ஷெர்லி ஹேய்ஸ் உள்ளிட்ட அப்பகுதிப் பெண்கள் 1952 முதல் எதிர்த்து நின்றார்கள். நகர வாழ்வைப் பற்றி எழுதிய எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸும் பின்னர் சேர்ந்துகொண்டார். அவர்கள் பல கோரிக்கைகளைக் கலந்து குழப்பிக்கொள்ளாமல், பூங்காவுக்குள் வாகனங்களை விடாதீர்கள் என்ற ஒன்றில் நின்றார்கள். 1958-இல் தற்காலிக ஏற்பாடாகப் பூங்கா வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதனால் சுற்றியுள்ள தெருக்கள் திணறிப்போகும் என்ற எச்சரிக்கை பலிக்காததால், மறு ஆண்டு மூடல் நிரந்தரமானது. சோதனைக்கு ஒப்புதல் தருவது அதிகாரிக்கும் எளிது. சரிவரவில்லை என்றால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் அல்லவா? பள்ளி விடும் நேரத்தில் மட்டும் தடுப்பு வைத்து ஒரு மாதம் பார்ப்போம் என்று தொடங்குங்கள்.

மறுமொழி (பெயர் வெளியிட விரும்பாத குடியிருப்பாளர்)

சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். எல்லா விழாவையும் ஆள் திரட்டும் களமாக்கிவிட்டால், நாளடைவில் விழாவுக்கும் வர மாட்டார்கள். பாரிஸில் 1999-இல் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் அண்டைவீட்டார் தினத்தின் நோக்கமே ஒரே கட்டடத்தில் வாழ்பவர்கள் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்பதுதான். ஒரு மூதாட்டி இறந்து நெடுநாள் கழித்தே அண்டைவீட்டார் அறிந்தார்கள் என்ற நிகழ்வுதான் தம்மை உலுக்கியது என்று அதைத் தொடங்கியவர் கூறியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரரின் முகம் தெரிந்திருப்பதே ஒரு பயன்தான். மேசையும் வரைபடமும் இருக்கட்டும். ஆனால் மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்துப் பிரச்சினையைப் பற்றி அரை மணி நேரம் உரை நிகழ்த்தும் வேலை வேண்டாம். ஆண்டில் ஒரு நிகழ்ச்சியாவது எந்தக் கோரிக்கையும் இல்லாமல் நடக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வரைபடம், வேக அளவு இரண்டையும் குழுவில் வைக்கப் போகிறேன். இரண்டு தடைகள் இருக்கின்றன. எங்கள் தெருவில் ஏறத்தாழ பாதிப்பேர் வாடகைக்கு இருப்பவர்கள். சங்க விதிப்படி வீட்டு உரிமையாளர்கள் மட்டுமே உறுப்பினராக முடியும். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்களே. இரண்டாவது, அரசியல் வந்துவிடும் என்ற அச்சம். எங்கள் பகுதியின் நகர்மன்ற உறுப்பினரை விழாவுக்கு அழைத்தால் ஒரு கட்சிக்காரர்களுக்கு மகிழ்ச்சி, மற்றவர்களுக்கு வருத்தம். அழைக்காவிட்டால் மனுவை யாரிடம் கொடுப்பது என்று குழம்புகிறோம்.

மறுமொழி (முதலில் பதில் எழுதியவர்)

உறுப்பினர் விதி மாற நாளாகும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். "தெருப் பாதுகாப்புக் குழு" என்றோ வேறு பெயரிலோ, இந்த ஒரு வேலைக்காக மட்டும் ஒரு குழுவை அமைத்து, உரிமையாளர், வாடகைதாரர், கடைக்காரர், பள்ளி ஆசிரியர், பள்ளி வாகன ஓட்டுநர் என்று தெருவைப் பயன்படுத்துகிற யாரும் சேரலாம் என்று அறிவித்துவிடுங்கள். சங்கம் அதற்கு ஆதரவு மட்டும் தரட்டும். 1939-இல் சிகாகோவின் இறைச்சிக்கூடங்களை அடுத்த பகுதியில் சால் அலின்ஸ்கியும் ஜோசப் மீகனும் அமைத்த மக்கள் மன்றம், தனித்தனி ஆள்களை உறுப்பினராக்காமல், அதுவரை ஒன்றோடொன்று பேசாத தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் மன்றங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்ததால்தான் வலுப்பெற்றது. உங்கள் தெருவிலும் ஏற்கெனவே கூடிக்கொண்டிருக்கும் சிறு கூட்டங்கள் இருக்கும். பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மார்களே ஒரு கூட்டம்தான். அவர்களுக்குள் எல்லோரும் நம்பி யோசனை கேட்கும் ஒருவர் இருப்பார். அவரைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அவர் மேடைக்கு வராதவராகவே இருப்பார்.

அலகு சிறியதாக இருப்பதும் முக்கியம். கராச்சியின் ஓரங்கியில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டம், பல லட்சம் பேர் வாழ்ந்த குடியிருப்பை மொத்தமாகத் திரட்ட முயலவில்லை. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு சந்துதான் அதன் அலகு. ஒவ்வொரு சந்தும் தனக்கொரு மேலாளரைத் தேர்ந்தெடுத்து, பணம் திரட்டி, வீட்டுக் கழிப்பறையையும் சந்துக் கழிவுநீர்க் குழாயையும் தானே அமைத்துக்கொண்டது. முதன்மைக் குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று பிரித்தார்கள். தொடக்கத்தில் எல்லாவற்றையும் அரசே இலவசமாகச் செய்ய வேண்டும் என்று இருந்தவர்கள், பக்கத்துச் சந்து கழிவுநீர் தேங்காமல் காய்ந்து கிடப்பதைப் பார்த்த பிறகு தாமாகவே தேடி வந்தார்கள். உங்கள் தெரு நீளமானது என்றால் அதை நான்கைந்து பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள்.

மறுமொழி (வேறொரு நகரில் தெருப் போக்குவரத்துக் குழுவில் இருப்பவர்)

அரசியல் வந்துவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொதுச் சாலை யாருக்கு என்பது அரசியல்தான். அது கட்சி அரசியலாக மாறாமல் பார்த்துக்கொள்வதே உங்கள் வேலை. நெதர்லாந்தில் 1971-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். தம் மகளை விபத்தில் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹாஃப் 1972-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பான "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பதே ஓர் இயக்கத்தின் பெயரானது. அந்த இயக்கத்தினர் தெருவை அடைத்து, பிள்ளைகளை நடுச்சாலையில் விளையாட விட்டார்கள். பார்ப்பவர்களுக்கு அது விழாவாகவும் தெரிந்தது, கோரிக்கையாகவும் தெரிந்தது. வாகனங்களை நடையின் வேகத்துக்குக் கட்டுப்படுத்தும் குடியிருப்புத் தெருக்களை அந்நாட்டுச் சட்டம் 1976-இல் அங்கீகரித்தது. உங்கள் விளையாட்டுப் போட்டியை மைதானத்தில் நடத்தாமல், முறையாக அனுமதி பெற்று, ஒரு ஞாயிறு காலையில் அந்தத் தெருவிலேயே நடத்தலாமே! விழாவா, பிரச்சினையா என்ற உங்கள் குழுவின் தகராறுக்கு அங்கேயே பாதி விடை கிடைத்துவிடும்.

நகர்மன்ற உறுப்பினரை அழையுங்கள். வெற்றி பெற்றவரை மட்டுமன்றி, அடுத்த தேர்தலில் நிற்கக்கூடிய மற்றக் கட்சியினரையும் ஒரே வாசகம் கொண்ட கடிதத்தால் அழையுங்கள். அந்தக் கடிதத்தை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுங்கள். பொன்னாடை, மாலை, தலைமையுரை எதுவும் வேண்டாம். பார்வையாளர்களோடு முன்வரிசையில் இருக்கை போதும். முதலில் நகர்மன்ற உறுப்பினரை வரைபடத்தின் அருகே அழைத்துச் சென்று, ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பிள்ளையையும், வேகத்தை அளந்த ஒரு தாயையும் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேச விடுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: பள்ளி விடும் நேரத்தில் ஒரு மாதச் சோதனைத் தடுப்புக்கு அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருவீர்களா? "பரிசீலிக்கிறேன்" என்றால், எந்தத் தேதிக்குள் என்று மரியாதையோடு மறுபடியும் கேளுங்கள். கேள்வியை நீங்கள் கேட்க வேண்டாம். வாடகைக்குக் குடியிருக்கும் பெற்றோர் ஒருவர் கேட்கட்டும், முந்தைய நாள் மாலை ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டு. நகர்மன்ற உறுப்பினர் சொல்லும் பதிலைச் சொன்ன சொல் மாறாமல் எழுதி, அன்று மாலைக்குள் அவருக்கே ஒரு கடிதமாக அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிவிடுங்கள்.